மிச்சம் வேறு, எச்சில் வேறு

எந்தப் பேட்டியாக இருந்தாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும். மைக்கைத் தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் குழைத்துக்கொண்டு கேட்பார்கள். "கொடைக்கானல்ல ஒரு சீசன் லோன்ல ஆடுனீங்களே, அந்தக் கஷ்டம்தானே சார் உங்களச் செதுக்குச்சு?" ஆமாம் என்று நான் தலையாட்டிவிட்டால் அவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்துவிடும். எனக்கோ அந்த நேரத்தில் அடிநாக்கில் ஒரு கசப்பு ஊறும். ஒருமுறை, "செதுக்கல்லாம் இல்லைங்க, குமட்டுச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒளிபரப்பில் அந்த இடத்தை வெட்டிவிட்டு, நான் சிரிக்கிற படத்தைப் போட்டிருந்தார்கள். வெட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. திண்டுக்கல்லில் மில் தொழிலாளி வீட்டுப் பையன். முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் என்று சொல்லிச் சென்னையில் ஒரு ஃபுட்பால் கிளப் என்னை எடுத்திருந்தது. எடுத்தார்களே தவிர ஆட விடவில்லை. என்னைவிட மூத்தவர்கள் அந்த இடத்தில் இருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கெட்டுப்போவதற்குப் பதில், வேறு டீமில் ஒரு சீசன் ஆடிவிட்டு வரட்டும் என்று கொடைக்கானல் டீம் ஒன்றுக்கு என்னை லோனில் அனுப்பினார்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "லோனா? உன்னைய அடமானம் வச்சுட்டாய்ங்களா?"

"அடமானம் இல்ல, இரவல்" என்றார் அப்பா. "கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி இரவல் குடுக்குறதில்லையா, அந்த மாதிரி."

"இரவல் போன வேட்டி எந்தக் காலத்துலங்க வெளுத்து மடிச்சு வீட்டுக்கு வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அந்த சீசனைப் பற்றி யாரும் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான்.

டீமை நடத்தியவர் ஒரு ரிசார்ட் முதலாளி. ரிசார்ட்டின் பெயர்தான் ஜெர்ஸியில் பெரிதாக இருக்கும். ஆட்டக்காரனின் எண் அதற்குக் கீழே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். நான் போய் இறங்கிய அன்று அவர் என் கன்னத்தைத் தட்டி, "சென்னையிலேர்ந்து சிங்கம் வந்துருக்கு" என்றார். தட்டிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். வழக்கம் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு கவனித்ததில், விருந்தினர்களுக்குக் கை கொடுத்த பின் அவர் துடைத்துக்கொள்வதில்லை. எங்களைத் தொட்டால் மட்டும்தான்.

எனக்குக் கொடுத்த அறை ரிசார்ட் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த அறை. மெத்தைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு நடுவில் ஒரு கட்டிலைச் செருகியிருந்தார்கள். யார் யாரோ படுத்துப் புரண்ட மெத்தைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு கறை, ஒவ்வொரு நிறம். சுவரில் கூரையிலிருந்து தரைவரை கரும்பூஞ்சை இறங்கியிருந்தது. சமையலறையின் புகையை வெளியே தள்ளும் காற்றாடி சரியாக என் ஜன்னலுக்கு எதிரே சுற்றியது. ஜன்னலைத் திறந்தால் பொரித்த எண்ணெய் நாற்றம், மூடினால் மெத்தை நாற்றம். நான் இறங்கியதோ மழைக்காலம். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். பூட்ஸ் ஒரு நாளும் காயவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வைப்பேன். காலையில் எடுத்தால் தாள் கூழாகியிருக்கும், பூட்ஸுக்குள் வெள்ளையாக மயிர் முளைத்திருக்கும். அதற்குள் காலை விடும்போது உள்ளங்கால் கூசும். இன்றைக்கும் ஈரமான செருப்பை என்னால் போட முடியாது.

மைதானம் ஊருக்கு வெளியே ஒரு சரிவில் கிடந்தது. வார நாட்களில் அங்கே சவாரிக் குதிரைகள் மேயும். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வேன்கள் வந்து நிற்கும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அடுப்பும் பாத்திரமும் கொண்டுவந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, கழுவி, கொட்டிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை பயிற்சி என்பது பந்தோடு தொடங்காது. ஊசிப்போன சாம்பார் சாதம், எலும்பு, உடைந்த பாட்டில், குழந்தைகளின் டயப்பர், எல்லாவற்றுக்கும் மேலே குதிரைச் சாணம். கோணிப்பையை வைத்துக்கொண்டு அள்ளுவோம். கையுறை கேட்டேன். "கோல்கீப்பர்ட்ட இருக்கு, வாங்கிக்க" என்றார் கோச்.

கோச் வேறு யாருமில்லை, முதலாளியின் மச்சான். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. வாயில் எப்போதும் பான் மசாலா. பேச வேண்டுமென்றால் துப்ப வேண்டும், எனவே பேச்சுக்கு ஒருமுறை துப்புவார். மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு நாங்கள் வெள்ளைச் சுண்ணாம்பு போடுவோம்; சிவப்பை அவர் போடுவார். பந்தை உள்ளே எறிவதற்காகக் கோட்டுக்கு வெளியே போகிறபோதெல்லாம் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும்.

நான் ஆடிய இடமும் அந்தப் பக்கம்தான். கோச்சின் மகன் டீமில் ஸ்ட்ரைக்கர். ஓடத் தெரியாது, ஆனால் இடம் அவனுடையது. என்னை இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். மைதானம் இடது பக்கமாகச் சரிந்திருந்ததால் மழைத்தண்ணீரும் அது அடித்துக்கொண்டு வருகிற எல்லாமும் என் காலடியில்தான் வந்து தேங்கும். அந்த சீசன் முழுக்க நான் அடித்த கோல்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவற்றில் ஒன்று, யாரோ அடித்த பந்து என் முதுகில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதைக் கோச் பாராட்டினார்.

டீமில் எனக்குப் பேச்சுத்துணை கோல்கீப்பர் மட்டும்தான். பக்கத்து ஊரான வட்டக்கானல்காரன், என் வயது. வார நாட்களில் அங்கேயே ஒரு விருந்தினர் விடுதியில் வேலை, ஓய்ந்த நேரத்தில் பயணிகளை மலைப்பாதையில் கூட்டிப்போகிற வேலை. நல்ல உயரம், அகலக் கை. அவன் பந்தைப் பிடிக்கும்போது சத்தமே வராது. சரியான இடத்தில் பிறந்திருந்தால் என்னைவிட மேலே போயிருப்பான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவனை சனிக்கிழமைகளில் பார்க்கச் சகிக்காது.

சனிக்கிழமை மாலை 'கெஸ்ட் மேட்ச்' நடக்கும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்து ரிசார்ட்டில் தங்குவார்கள். அவர்கள் உண்மையான ஃபுட்பால் டீமோடு ஆடி ஜெயித்ததாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நாங்கள். பாதிப்பேர் குடித்திருப்பார்கள். அவர்களுடைய மூச்சு முகத்தில் அடிக்கும். நாங்கள் காலைக் குறுக்கே விடாமல், பந்தைப் பறிக்காமல், தடுக்கி விழுகிற மாதிரி நடித்துக்கொண்டு ஓட வேண்டும். என்னை விருந்தினர் பக்கத்திலேயே சேர்த்துவிட்டார் முதலாளி. பந்தை நான் கோல் வாசல்வரை கொண்டுபோய் அவர்களில் ஒருவர் காலடியில் வைக்க வேண்டும். அவர் எங்கே உதைத்தாலும் கோல்கீப்பர் அதற்கு எதிர்த்திசையில் பாய வேண்டும்.

அவன் பாய்வான். அதுதான் எனக்குக் குமட்டியது. அலட்சியமாக விழமாட்டான், உண்மையாகவே ஏமாந்தவனைப் போல விரல் நுனியை நீட்டி, நெஞ்சு தரையில் மோத, அழகாக விழுவான். எழுந்து தலையில் கை வைத்துக்கொள்வான். விருந்தினர்கள் ஆரவாரம் செய்வார்கள்.

"உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் விழுந்தா அவிங்களுக்குச் சந்தோசம். அடுத்த நாளு என்னையத்தான் மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க" என்றான். "சோலிடா இது. வெக்கத்த வச்சு என்ன செய்ய?"

அவன் மேல் எனக்கு அருவருப்புத்தான் வந்தது.

சாப்பாடு ரிசார்ட்டிலிருந்து வரும். உள்ளூர்ப் பையன்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார்கள். வெளியூர்க்காரன் நான் ஒருத்தன்தான். மதியம் விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்த பின் ஒரு தூக்குச்சட்டியில் என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பிரியாணி, கோழி, பனீர் என்று வகைவகையாக இருக்கும். மில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு அது பெரிய சாப்பாடு. பஃபேயில் மிஞ்சியது என்று நினைத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை அள்ளி வாயில் போட்டபோது ஈறில் ஏதோ குத்தியது. எலும்பு என்று நினைத்து விரலால் எடுத்தேன். பல் குத்துகிற குச்சி. முனை மழுங்கி, நார் நாராகப் பிரிந்து, இறைச்சித் துணுக்கு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. தூக்குச்சட்டியை அறைக்கு வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கிளறிப் பார்த்தேன். ஒரு கோழித்துண்டில் வரிசையாகப் பல் பதிந்த இடம் இருந்தது. சின்னப் பற்கள், யாரோ குழந்தை கடித்துவிட்டு வைத்திருக்கிறது. அன்றைக்குப் பைன் மரத்தடியில் குனிந்து நான் வாந்தி எடுத்ததில் கடைசியில் பித்தம்தான் வந்தது.

வாயைக் கழுவிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். புல்வெளியில் குடைக்கு அடியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். குச்சியை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"சார், எனக்கு எச்சில் சோறு போடுறாங்க."

அவர் குச்சியைப் பார்க்கவில்லை. "அப்பிடிச் சொல்லாத தம்பி. மிச்சம் வேற, எச்சில் வேற. நல்ல சாப்பாட்டக் குப்பையில கொட்டுனா பாவமில்லையா?"

"இதுல கடிச்ச துண்டு கெடக்கு சார்."

"ஒன்னு ரெண்டு கலந்துருக்கும். கவனிச்சு எடுத்துப் போட்டுச் சாப்புடணும்" என்றார். பிறகு சமையல் ஆளைக் கூப்பிட்டு, "தம்பிக்கு இனிமே பார்த்துப் போடுப்பா" என்றார். பார்த்துப் போடு என்றார், புதிதாகப் போடு என்று சொல்லவில்லை. சமையல் ஆள் தரையைப் பார்த்தபடி போய்விட்டான். மேஜை மேல் கிடந்த குச்சியை முதலாளி ஒரு தாளில் சுற்றி, சுற்றிய கையைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் கோல்கீப்பர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "வெள்ளனே சொல்லிருக்கலாம்ல. பொறப்புடு, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

வட்டக்கானலில் அவன் வீடு சரிவில், இரண்டு விடுதிகளுக்கு நடுவே இருந்தது. அவனும் அவன் அம்மாவும்தான். அந்த அம்மாவின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள்; பேச்சில் அந்த வாடை இருந்தது. சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வார். என் வயதுப் பையனையும் 'வாங்க, போங்க' என்பார். அன்றைக்கு ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்துப் போட்டார். தட்டைக் கையில் வாங்கி நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "கழுவின பீங்கான்தான் தம்பி, சாப்பிடுங்க" என்றார். மகன் சொல்லியிருந்தான் போலிருக்கிறது.

அவரும் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிற வேலைதான் பார்த்தார். சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டார். "நீங்க குச்சியக் கண்டுட்டு இந்தப் பாடு படுறீங்க. நான் கதவத் தொறந்தா மெத்தையில வாந்தி, தொட்டியில வாந்தி. ஒருத்தன் மூஞ்சி கழுவுற தொட்டியில மூத்திரம் போறான் தம்பி. பக்கத்துலயே கக்கூஸ் இருக்கு. படிச்ச ஆளுக. எனக்கு அவுங்க மொகத்தப் பார்த்தாலே ஒங்கரிக்குது."

"சாப்புடும்போது ஏம்மா?" என்றான் மகன்.

"தம்பிக்கும் அருவருப்பு, எனக்கும் அருவருப்பு. வேற யாருகிட்ட நான் பேசுறது?"

அந்த மலையில் நான் வயிறு நிறையச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் அங்கே போய்ச் சாப்பிட்டேன். மற்ற நாட்களில் பஜாரில் ஒரு பாய் கடையில் பரோட்டா. தூக்குச்சட்டி என் அறை வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. திறக்காமலே திருப்பி வைத்துவிடுவேன். அதை முதலாளி கேட்கவுமில்லை.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. வந்திருந்த கூட்டத்தில் ஒரு மேலதிகாரி. பருத்த உடம்பு, குடித்திருந்தார். எல்லோரும் அவரை 'பாஸ், பாஸ்' என்று கூப்பிட்டார்கள். அவர் ஒரு கோல் அடித்தாக வேண்டும். நான் பந்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். உதைத்தார், படவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடியும் படவில்லை. பந்து உருண்டு கோல்கீப்பர் பக்கம் போனது. அவன் அதைப் பிடிக்காமல், பிடிக்கத் தவறுகிற மாதிரி முகம் தரையில் பட விழுந்தான். பாஸ் ஓடிவந்து முழு வேகத்தில் உதைத்தார். பந்தில் பாதி, அவன் வாயில் பாதி.

பந்து உள்ளே போய்விட்டது. விருந்தினர்கள் பாஸைத் தூக்கிக்கொண்டார்கள். கோல்கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. முதலாளி அவசரமாக வந்தார். மருந்துக்கு என்று நினைத்தேன். கைக்குட்டையைக் கொடுத்து, "தொடச்சிட்டு வெரசா வந்து நில்லு, சார் படம் எடுக்கணும்னு சொல்றாரு" என்றார். அவனும் துடைத்துக்கொண்டு போய் நின்றான். பாஸ் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். படத்தில் சிரித்தான். பல் எல்லாம் சிவப்பு.

நான் பந்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "இனிமே நான் இந்த மேட்ச் ஆட மாட்டேன் சார்."

"லோன்ல வந்த ஆளு நீ. என்ன ஆடணும்னு நாங்க சொல்லணும்."

"லீக் ஆடத்தான் அனுப்புனாங்க. கூத்தாட இல்ல."

அவர் கோபப்படவில்லை. "சரி, ரெஸ்ட் எடு" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த லீக் ஆட்டத்தில் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி ஆட்டம்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சரியாகக் கோச் துப்புகிற இடத்துக்குப் பக்கத்தில்.

கோல்கீப்பர் எனக்கு நன்றி சொல்லுவான் என்று நினைத்தேன். உதடு வீங்கி, வார்த்தை குழறியபடியே அவன் என்னைத் திட்டினான். "எனக்காக யாரு உன்னையப் பேசச் சொன்னா? நீ சீசன் முடிஞ்சா பஸ் ஏறிருவ. எனக்கு இங்கதான்டா எல்லாம் கெடக்கு. அந்தாளு ஒரு வார்த்த சொன்னா வட்டக்கானல்ல எவனும் வேல தரமாட்டான்."

அடுத்த சனிக்கிழமை தையல் போட்ட உதட்டோடு போய் விழுந்தான். நான் பார்க்கப் போகவில்லை. சில நாள் அவன் வீட்டுக்கும் போகவில்லை. அந்த அம்மாதான் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் சம்பலை என் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான்.

கடைசி லீக் ஆட்டம் தேனி டீமோடு. கோச்சின் மகனுக்குக் கால் பிசகியதால் வேறு வழியில்லாமல் முடியப்போகிற நேரத்தில் என்னை இறக்கினார்கள். அந்த சீசனில் முதல்முறையாக என் சொந்த இடத்தில், முன்னால் நின்றேன். ஒரு பந்து என்னைத் தேடி வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் இடத்தில் இல்லை, யாரும் இல்லை, காலியான வாசல். காலை ஓங்கியபோது ஊன்றிய கால் சாணத்தில் வழுக்கியது. பந்து வானத்துக்குப் போனது, நான் சேற்றில் மல்லாந்து கிடந்தேன். மூக்கு வாயெல்லாம் சேறு. யாரும் திட்டக்கூட இல்லை. ஊதல் ஊதி ஆட்டம் முடிந்தது.

சென்னைக்குத் திரும்பிய அடுத்த சீசனில் மூத்தவர்கள் இரண்டு பேருக்கு அடிபட்டது. இடம் காலியானது, நான் ஆடினேன், கோல் விழுந்தது. பிறகு பெரிய லீக், டிவி, எல்லாம். அது எப்படி வந்தது என்று கேட்டால், காய்ந்த பூட்ஸும் சமமான மைதானமும் என் இடமும் கிடைத்தன என்பேன். பூஞ்சைச் சுவரிலிருந்து எனக்கு வந்தது நெஞ்சில் ஒரு இழுப்பு மட்டும்தான். அதற்கு இரண்டு வருஷம் வாயில் மருந்து அடித்துக்கொண்டேன்.

பெயர் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் முதலாளி போன் செய்தார். மரியாதை கூடியிருந்தது.

"நம்ம வீட்டுப் பிள்ளை நீங்க. ரிசார்ட்ல புதுசா ஒரு பிளாக் கட்டிருக்கோம். நீங்கதான் வந்து தொறந்து வைக்கணும்."

"வர்றதுக்கு இல்லைங்க."

"தேதி நீங்க சொல்லுங்க தம்பி, மாத்தி வச்சுக்கலாம்."

"தேதி பிரச்சினை இல்லைங்க. எனக்கு வரப் பிடிக்கல."

"நன்றி மறக்கக் கூடாது தம்பி. சோறு போட்ட எடம்."

நான் போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் வாய்க்கு வந்தது. சுவரைப் பார்த்துக் கொஞ்சம் பேசினேன். முதலாளி அதோடு விடவில்லை. என் படத்தை ஒரு வேன் அகலத்துக்குப் பிளெக்ஸ் அடித்து, 'எங்கள் பட்டறையில் உருவான வைரம்' என்று எழுதி மைதானத்து முனையில் கட்டினார். கோல்கீப்பர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். படத்துக்குக் கீழே குதிரை ஒன்று நின்று காலைக் கடன் கழித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே காத்திருந்துதான் எடுத்திருக்கிறான்.

பிறகு டீம் கலைந்தது. மைதானத்தை வண்டி நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டார்கள். கோல்கீப்பருக்கு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொருட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. மாலையில் அங்கே பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிறான்.

போன வருஷம் சென்னையில் ஒரு ஆட்டத்துக்கு அவனையும் அவன் அம்மாவையும் வரவழைத்தேன். அன்றைக்கு ஒரு கோல் போட்டேன். வெளியே வந்து அவனைக் கட்டிப்பிடித்தபோது, "ஒன்னு போட்ட, சரி. ரெண்டாவதையும் வலது காலுக்கு மாத்தாம எடது காலுலயே அடிச்சிருக்கலாம்ல" என்றான். பல்லில் ஒன்று இல்லாதது அவன் பேசும்போது தெரிந்தது.

காரில் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் கூவம் பாலத்தில் நெரிசல். பின்சீட்டிலிருந்த அந்த அம்மா முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றியும் பயனில்லை.

"என்ன தம்பி இது, ஆறா?" என்றார்.

"ஆறுதாம்மா."

"இந்த நாத்தத்துலயா இருக்கீங்க? அங்க ஒரு குச்சியக் கண்டுட்டு அந்தப் பாடு பட்டீங்க." பதிலுக்குக் காத்திராமல் மகன் பக்கம் திரும்பினார். "நமக்கு எப்ப பஸ்ஸு? நாளைக்கு வெள்ளனே இருந்தாச் சொல்லு, போயிருவோம்."